35 டிகிரி ஷெட்டுக்கு 20 டிகிரி நம்பர் சரிவராது: ஸ்டைரீன் ஆவியமுக்கம் பற்றி கொஞ்சம் விரிவா

கல்முனைப் பக்கம் பைபர் போட் செய்யிற யார்ட் ஒண்டுல சேப்டி வேலை பாக்கிற தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். ரெசினோட வந்த எஸ்டிஎஸ்ல (பாதுகாப்புத் தரவுத் தாள்ல), ரெசினுக்குள்ள கலந்திருக்கிற ஸ்டைரீன் எண்ட திரவத்தின்ட ஆவியமுக்கம் (மூடின இடத்துல திரவத்துக்கு மேல நிரம்பி நிக்கிற ஆவியின்ட அமுக்கம்) 20 டிகிரில 0.67 கிலோபாஸ்கல் எண்டு போட்டிருக்கு, எங்கட ஷெட் பகல்ல 35 டிகிரிக்கு போகுது, அந்த நம்பர அப்பிடியே ரிஸ்க் அசெஸ்மெண்ட்ல எழுதலாமா, இல்லாட்டி நாங்களே அளக்கணுமா, அளக்கிறதெண்டா பழைய சின்ன கேஸ் சிலிண்டர் ஒண்டுக்குள்ள ரெசின ஊத்தி கேஜ் மாட்டி சுடுதண்ணில வெச்சிப் பாக்கலாமா. ரெசின இறுகவைக்கக் கலக்கிற ஹார்ட்னரையும் அப்பிடியே பாக்கலாமா எண்டும் கடைசியா ஒரு வரி.

சிலிண்டர் வேலைய முதல்ல நிப்பாட்டுங்க தம்பி. அது ஆபத்து எண்டது ஒரு பக்கம், அத விட பெரிய பகிடி என்னெண்டா அதுல நீங்க அளக்கப்போறது ஸ்டைரீன இல்ல, காத்த. எப்பிடியெண்டு சொல்றன். சிலிண்டர மூடேக்க உள்ள காத்து இருக்கு, ஒரு வளிமண்டல அமுக்கத்தில. 30 டிகிரில மூடி 60 டிகிரி தண்ணிக்குள்ள வெச்சா அந்தக் காத்து மட்டுமே 10 கிலோபாஸ்கல் கூடும், ஏ லெவல்ல படிச்ச வாயு விதிதான். அதே நேரம் ஸ்டைரீன் தன்ட பங்குக்கு கூட்டுறது 4 கிலோபாஸ்கல் அளவுதான். மறுகா உங்கட கேஜப் பாருங்க, கடையில வாங்கிற 10 பார் கேஜில ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில 0.2 பார், அதாவது 20 கிலோபாஸ்கல். ரெண்டையும் சேத்தாலும் ஒரு கோடு தாண்டாது. போதாக்குறைக்கு ஸ்டைரீன் ரப்பர் வொஷர ஊதவெச்சி லீக் வரப்பண்ணும், இறுகிறத வேகமாக்கிற கோபால்ட் கலந்து வந்த ரெசின் எண்டா சூட்டுல உள்ளுக்கே கட்டியாகவும் தொடங்கும், கட்டியாகேக்க அதுவே சூடு விடும், மூடின சிலிண்டருக்குள்ள அது நடந்தா என்ன ஆகுமெண்டு நான் சொல்லத் தேவையில்ல.

சரி, இப்ப கேள்விக்கு வாறன். ஆவியமுக்கம் எண்டா ஒரு பொருளுக்கு ஒரு நம்பர் எண்டுதான் எஸ்டிஎஸ் பாக்கிற எல்லாரும் நினைக்கிற, ஏனெண்டா அதுல ஒரு நம்பர்தான் போட்டிருக்கும். உண்மையில அது டெம்பரேச்சரோட சேந்து ஏறுற ஒரு கோடு, எஸ்டிஎஸ்காரன் அந்தக் கோட்டுல ஒரு புள்ளிய மட்டும் எடுத்துப் போட்டிருக்கான், அதுவும் அவன்ட ஊர் குளிருக்கு ஏத்த புள்ளி. 20 டிகிரி எண்டது மட்டக்களப்புலயோ அம்பாறையிலயோ விடியச்சாமத்திலயும் லேசில வராது.

அந்தக் கோட்ட நகர்த்த லேப் தேவையில்ல, கல்குலேட்டர் போதும். ஸ்டைரீன்ட ஆவியாதல் வெப்பம் ஒரு மூலுக்கு கிட்டத்தட்ட 44 கிலோஜூல். அத ஜூலாக்கி 8.314 ஆல பிரிச்சா 5290 வரும். 20 டிகிரிய கெல்வினாக்கி தலைகீழாக்குங்க, 35 டிகிரியையும் அப்பிடியே, ரெண்டுக்கும் வித்தியாசம் 0.000166. ரெண்டையும் பெருக்கினா 0.88. கல்குலேட்டர்ல இ அடுக்கு 0.88 போட்டா 2.4. அப்ப 20 டிகிரில இருந்த 0.67, 35 டிகிரில 1.6 ஆகும். டெம்பரேச்சருக்கு ஆவியமுக்கம் எவ்வளவு எண்டு சொல்ற, புத்தகத்தில இருக்கிற அன்டோயின் சமன்பாட்டுல போட்டுப் பாத்தா 1.5 கிட்ட வரும், ரெண்டும் ஒத்துப்போகுது, 1.5 எண்டே வெச்சிக்கொள்ளுங்க.

15 டிகிரிக்கு ரெண்டு மடங்குக்கும் மேல. சரி, கூடினாக் கூடட்டுமே எண்டு விடுற வித்தியாசம் இல்ல இது. ஏனெண்டு சொல்றன், இந்த இடத்த கொஞ்சம் ஆறுதலா வாசிங்க.

மூடின பரலுக்குள்ள ரெசினுக்கு மேல நிக்கிற காத்துல ஸ்டைரீன் எவ்வளவு எண்டு பாக்க, ஆவியமுக்கத்த வளிமண்டல அமுக்கத்தால பிரிச்சா சரி. 20 டிகிரில 0.67 ஐ 101.3 ஆல பிரிச்சா 0.66 வீதம். 35 டிகிரில 1.5 வீதம். ஸ்டைரீன் ஆவி காத்துல பத்திப்பிடிக்கிறதுக்கு ஆகக் குறைஞ்ச அளவு 0.9 இல இருந்து 1.1 வீதம் வரை எண்டு எஸ்டிஎஸ்கள்ல போட்டிருக்கும். இப்ப ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பாருங்க. 20 டிகிரி ஊர்ல அந்தப் பரலுக்குள்ள தீப்பொறி விழுந்தாலும் பத்துறதுக்கு ஆவி காணாது. எங்கட ஊர்ல காணும், காணுறதுக்கு மேலயே இருக்கு. அதே எஸ்டிஎஸ்ல பிளாஷ் பொயின்ட் 31 டிகிரி எண்டு ஒரு வரி இருக்குமே, அது எங்கயோ இருந்து வந்த தனிக் கணக்கு இல்ல, ஆவியமுக்கக் கோடு அந்த 1 வீதத்த தாண்டிற இடம்தான் அது. 31 டிகிரிக்கு கணக்குப் போட்டுப் பாருங்க, 1.2 வீதம் வரும். உங்கட ஷெட் காலைல அந்தக் கோட்டுக்கு கீழ, பத்து மணிக்குப் பொறகு கோட்டுக்கு மேல. ஒரே பரல், ஒரே ஆக்கள், காலைல ஒரு ரிஸ்க், பகல்ல வேற ரிஸ்க்.

இதுல எனக்கு ஆகலும் பயம் நிரம்பின பரல்ல இல்ல, வெறும் பரல்ல. எங்கட பக்கம் ரெசின் பரல் முடிஞ்சா கிரைண்டரால ரெண்டா வெட்டி தண்ணி வைக்கவோ குப்பை எரிக்கவோ எடுக்கிறது சாதாரணம். 200 லிட்டர் பரல்ல பத்திப்பிடிக்கிற அளவு ஆவி வர எவ்வளவு ஸ்டைரீன் வேணும்? கணக்குப் போட்டா 8 கிராம் கிட்ட, ரெண்டு தேக்கரண்டி. அடியில வழிச்செடுக்க ஏலாம ஒட்டியிருக்கிற ரெசின்லயே அதுக்கு மேல ஸ்டைரீன் இருக்கும். வெயில்ல கிடந்த பரல் எண்டா உள்ளுக்கு 45 டிகிரி லேசா வரும், அப்ப 2.5 வீதம். அதுக்குள்ள கிரைண்டர் பொறி. உங்கட அசெஸ்மெண்ட்ல ஒரு வரி மட்டும்தான் எழுத இடமிருக்கெண்டா இத எழுதுங்க: வெறும் பரல யார்ட்டுல வெட்டுறது, வெல்டிங் பிடிக்கிறது ரெண்டும் இல்ல.

மூச்சுப் பக்கத்துக்கு வாங்க. 1.5 வீதம் எண்டா 15,000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல 15,000 பங்கு. இது நிரம்பின நிலை, இதுக்கு மேல போகாது எண்ட உச்சம், ஷெட்டுக்குள்ள திறந்த காத்துல இவ்வளவு வராது. ஆனா எந்த எல்லையோட ஒப்பிடுறம் எண்டு பாருங்க. அமெரிக்காவில ஏசிஜிஐஎச் எண்ட அமைப்பு எட்டு மணித்தியால சராசரிய 2020ல 20 பிபிஎம்ல இருந்து 10க்கு இறக்கினது, அங்கத்த அரசாங்கத்தின்ட தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நயோஷ் 50 எண்டு வெச்சிருக்கு, உயிருக்கு உடனடி ஆபத்து எண்டு எடுக்கிற அளவு 700. உலக சுகாதார நிறுவனத்தின்ட புற்றுநோய் ஆய்வு முகவரகமும் 2018ல ஸ்டைரீன மீளப் பாத்து 2ஏ வகுப்புக்கு, அதாவது மனிசருக்கு அநேகமா புற்றுநோய் தரும் எண்ட வகுப்புக்கு ஏத்தினது. அப்ப உச்சத்துக்கும் 10 பிபிஎம் எல்லைக்கும் இடையில 1,500 மடங்கு. உங்கட காத்தோட்டம் அந்த 1,500 மடங்க ஐதாக்கணும், அதுதான் அந்த நம்பர்ட அர்த்தம்.

இந்த விகிதத்தப் பாக்காம வெறும் ஆவியமுக்கத்த மட்டும் வெச்சி இது ஆபத்து, அது பரவாயில்ல எண்டு வரிசைப்படுத்துறது பிழை. உதாரணத்துக்கு நீங்க பிரஷ் கழுவிற அசிட்டோன். 35 டிகிரில அதுட ஆவியமுக்கம் 46 கிலோபாஸ்கல், ஸ்டைரீன விட 30 மடங்கு. ஆனா அதுட ஏசிஜிஐஎச் எல்லை 250 பிபிஎம். பிரிச்சுப் பாத்தா அசிட்டோனுக்கு 1,800 மடங்கு, ஸ்டைரீனுக்கு 1,500. மூச்சுக் கணக்குல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டுதான். தீக்கணக்குல அசிட்டோன் எப்பவும் முன்னுக்கு, அது வேற.

போட்டுக்குள்ள நடக்கிறத கொஞ்சம் கிட்ட வெச்சிப் பாப்பம். 18 அடி போட் ஒண்டுட உள்பக்கம், மேல திறந்த தொட்டி மாதிரி, உள்ளுக்கு ஒரு 4 கன மீட்டர் காத்து எண்டு வெச்சிக்கொள்ளுங்க. பைபர் மெட் விரிச்சி ரோலர் போடுற பொடியன் குனிஞ்சி தலைய அதுக்குள்ள வெச்சித்தான் வேலை செய்யிறான், அவன்ட மூக்கு ஈர ரெசினுக்கு ஒரு முழம் மேல. அந்த 4 கன மீட்டர் 700 பிபிஎம்முக்கு வர எவ்வளவு ஸ்டைரீன் பறக்கணும்? பதினொண்டு, பன்னிரண்டு கிராம், ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவு. 10 கிலோ ரெசின் அடிச்சா அதுல 4 கிலோ ஸ்டைரீன், அதுல 5 வீதம் பறந்தாலே 200 கிராம். காத்து அடிச்சி எடுத்துப் போறதாலதான் பொடியன் நிண்டு பிடிக்கிறான். அந்தக் காத்தும், கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல ஜெல்கோட்டுல (போட்டின்ட வெளிப்பூச்சுல) தூசி ஒட்டுது எண்டு மேற்குப் பக்கம் படங்கு கட்டி மறைச்சா, ஆகக் கூடின சூடும் ஆகக் குறைஞ்ச காத்தோட்டமும் ஒரே நாள்ல வந்து சேரும்.

இதோட இன்னொண்டும் சேரும். ரெசின் இறுகத் தொடங்கேக்க தானே சூடாகும். ஷெட் 35 எண்டாலும் ரெசின்ட மேற்பரப்பு 50, 60 டிகிரிக்கு போகலாம், தடிப்பா போட்ட இடமெண்டா இன்னும் கூட. 60 டிகிரில ஸ்டைரீன் ஆவியமுக்கம் 5 கிலோபாஸ்கலத் தாண்டும். அதால அசெஸ்மெண்ட்ல ஷெட் டெம்பரேச்சர் மட்டும் எழுதாம ரெசின் மேற்பரப்பு டெம்பரேச்சரையும் எழுதுங்க, கையில பிடிக்கிற இன்பிராரெட் தேர்மோமீட்டர் ஒண்டு போதும்.

ஆவி பாரம், நிலத்தோட படியும் எண்டு எல்லா எஸ்டிஎஸ்லயும் இருக்கும், ஸ்டைரீனுக்கு காத்த விட 3.6 மடங்கு எண்டு. அது தனி ஆவிக்கு. நிசத்துல உங்களுக்கு கிடைக்கிறது 1.5 வீதம் ஆவி கலந்த காத்து, அது வெறும் காத்த விட 4 வீதம்தான் பாரம். காத்தசைவு இல்லாத போட்டுக்குள்ள அது தேங்கப் போதும், ஆனா ஒரு பேன் போட்டா கலைஞ்சிரும். பேன் மேல இருந்து ஊதாம அடியில இருந்து இழுக்கிற மாதிரி வெச்சா நல்லம், சாதாரண பேன் மோட்டர்ல பொறி வரும் எண்டதையும் மறக்கப்படாது.

இன்னொரு கேள்வி இதுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. ரெசின்ல ஸ்டைரீன் 40 வீதம்தானே, அப்ப ஆவியமுக்கமும் 40 வீதம்தானே எண்டு நிறையப் பேர் கணக்குப் போடுறாங்க. அது நிறை வீதம். கலவையின்ட ஆவியமுக்கத்த சொல்ற ரவுல்ட் விதி பாக்கிறது மூல் பின்னத்த, அதாவது மூலக்கூறு எண்ணிக்கையில எவ்வளவு பங்கு எண்டத. ரெசின்ல மிச்சமா இருக்கிற பொலியெஸ்டர் மூலக்கூறு ஆயிரக்கணக்கு நிறையுள்ள பெரிய ஆள், ஸ்டைரீன் 104. 100 கிராம் ரெசின்ல 40 கிராம் ஸ்டைரீன் எண்டா எண்ணிக்கையில பத்துக்கு ஒம்பது மூலக்கூறு ஸ்டைரீன்தான். இப்பிடி பெரிய சின்ன ஆக்கள் கலந்த இடத்துல ரவுல்டும் சரியா நிக்காது, ஆனா சேப்டிக்கு எடுக்கிறதெண்டா தனி ஸ்டைரீன்ட நம்பரையே எடுங்க, பெரிசா கூட்டிச் சொன்னதா வராது. குறைஞ்ச ஸ்டைரீன் விடுற ரெசின் எண்டு விக்கிறதில மெழுகு கலந்திருக்கும், மேல படலம் கட்டி ஆவிய மறிக்கும், ஆனா ரோலர் ஓடுற வரைக்கும் அந்தப் படலம் நிக்காது, பொடியன் குனிஞ்சி நிக்கிறது அந்த நேரம்தான்.

இப்ப அளக்கிற கதை. ஸ்டைரீன நீங்க அளக்கத் தேவையில்ல, எத்தினையோ பேர் அளந்து வெச்சிட்டாங்க, மேல போட்ட கணக்கே போதும். அளக்கிறது எப்ப தேவையெண்டா, என்ன கலந்ததெண்டு தெரியாத தின்னர், லேபில் கழண்ட கேன், இல்லாட்டி ஒருத்தரும் அளக்காத புதுப் பொருள். அப்பிடி வந்தா லேப்புக்கு குடுக்கணும், ஆனா எந்த முறைல அளந்தாங்க எண்டு கேக்கத் தெரிஞ்சிருக்கணும், ஏனெண்டா எல்லா முறையும் எல்லா அளவுக்கும் வராது. இதுக்கு உலகம் பூரா பாவிக்கிறது ஓஈசிடி எண்ட நாடுகள் அமைப்பின்ட 104ஆம் இலக்க சோதனை வழிகாட்டி. அதுல ஏழெட்டு முறை இருக்கு, எல்லாத்தையும் நான் இஞ்ச எழுதப்போறதில்ல, உங்களுக்கு தேவைப்படுற மூண்ட மட்டும் சொல்றன்.

ஒண்டு கொதிக்கவெச்சிப் பாக்கிறது. அமுக்கத்த ஒரு அளவுல பிடிச்சி வெச்சி எந்த டெம்பரேச்சர்ல கொதிக்குதெண்டு பாக்கிற, மறுகா அமுக்கத்த மாத்தி திரும்பவும். 1 கிலோபாஸ்கலுக்கு மேல உள்ள பொருளுக்கு சரி, தொலுயீன், அசிட்டோன், தின்னர் வகை. கம்பஸ் லேப்ல இருக்கிற வடிக்கிற கண்ணாடிச் சாமானும் வெக்யூம் பம்மும் வெச்சே ஓரளவுக்கு செய்யலாம், வந்தாறுமூலையிலயோ ஒலுவில் பக்கமோ கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளைகளுக்கு நல்ல புரொஜெக்ட்.

ரெண்டாவது ஐசோடெனிஸ்கோப். இது எனக்குப் பிடிச்ச சாமான், அதால கொஞ்சம் நிண்டு சொல்றன். 1910ல ஸ்மித், மென்ஸீஸ் எண்ட ரெண்டு பேர் செய்தது, நூறு வருசம் தாண்டியும் இன்னும் ஏஎஸ்டிஎம் டி 2879 எண்ட தர அளவீட்டு முறைல நிக்குது. ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ், அதோட ஒட்டின மாதிரி ஒரு சின்ன யூ குழாய், அவ்வளவுதான். குமிழுக்குள்ள அளக்கவேண்டிய திரவம், யூ குழாய்க்குள்ளயும் அதே திரவம், வேற எண்ணெயோ மேர்குரியோ இல்ல. யூவின்ட ஒரு கை குமிழ்ப் பக்கம், மற்றக் கை நைட்ரஜன் பக்கம், அந்த நைட்ரஜன்ட அமுக்கத்த வெளிய ஒரு நல்ல மானோமீட்டர் (அமுக்கமானி) காட்டும். முழுச் சாமானையும் கண்ணாடித் தொட்டிக்குள்ள, டெம்பரேச்சர் அசையாத தண்ணில முக்கி வைக்கிற. உள்ள ஆவி கூடினா யூவில ஒரு பக்கம் மட்டம் இறங்கும், நீங்க நைட்ரஜன கொஞ்சம் கொஞ்சமா விட்டு ரெண்டு கையும் ஒரே மட்டத்துக்கு வர வைக்கிற, வந்த அந்த நிமிசம் மானோமீட்டர்ல இருக்கிறதுதான் ஆவியமுக்கம். கண் மட்டத்துக்கு குனிஞ்சி, ஒரு கை வால்வுல, ஒரு முடியளவு மட்டம் ஏறி இறங்கிறத பாத்துக்கொண்டு நிக்கிற வேலை, அவசரப்படுற ஆளுக்கு சரிவராது. 100 பாஸ்கல்ல இருந்து 100 கிலோபாஸ்கல் வரைக்கும் இதுல போகலாம், உங்கட ஷெட்டுல ஆவியா பறக்கிற சாமான்ல முக்கால்வாசி இதுக்குள்ள வந்திரும்.

இந்த முறைல நம்பரக் கெடுக்கிறது திரவத்துக்குள்ள கரைஞ்சிருக்கிற காத்து. சோடாப் போத்தல் மாதிரித்தான், அமுக்கத்த குறைச்ச உடன கரைஞ்சிருந்தது வெளிய வரும், அதையும் ஆவியமுக்கம் எண்டு மானோமீட்டர் எழுதிரும். அதால அளக்க முதல் குறைஞ்ச அமுக்கத்தில மெதுவா ஒருக்கா கொதிக்க விட்டு காத்த கலைக்கணும், கலைச்சிட்டு அளந்து, திரும்பவும் கலைச்சி அளந்து, ரெண்டும் ஒண்டாகும் வரைக்கும். ஆனா ஸ்டைரீன் மாதிரி சாமான்ல இதுலயே ஒரு பொறி இருக்கு. ஸ்டைரீன் தானா இறுகாம இருக்க டிபிசி எண்ட ஒரு மருந்த 10, 15 பிபிஎம் அளவுல போட்டு அனுப்புவாங்க, அந்த மருந்து வேலை செய்யிறதுக்கு கரைஞ்ச ஒட்சிசன் வேணும். காத்த முழுசா கலைச்சா மருந்து இருந்தும் இல்லாத மாதிரி. அதால காத்து கலைச்ச ஸ்டைரீன கொஞ்சமா எடுத்து, சூட்டக் குறைச்சி, அளந்த உடன ஊத்திரணும், இரவு முழுக்க சூட்டுல வெச்சிட்டு போகப்படாது.

அடுத்த வில்லன் கலப்படம். 0.1 வீதம் அசிட்டோன் கலந்த ஸ்டைரீன அளந்தா 20 டிகிரில வாசிப்பு 7 வீதம் கூடிரும். 1 வீதம் கலந்தா அறுபது, எழுபது வீதம் கூடும். நீங்க சாம்பிள் எடுக்கிற போத்தல அசிட்டோனால கழுவி, காயவைக்காம, அதுக்குள்ள ஊத்தி கொழும்புக்கு அனுப்பினா என்ன நடக்குமெண்டு யோசிங்க. லேப் பிழையெண்டு லேப்பத்தான் ஏசுவம்.

மூண்டாவது வில்லன் டெம்பரேச்சர். 35 டிகிரி கிட்ட ஒரு டிகிரி பிழைச்சா ஸ்டைரீன்ல 5, 6 வீதம் பிழைக்கும். லேப் ரிப்போர்ட்ல ஒரே ஒரு டெம்பரேச்சர்ல மட்டும் அளந்திருந்தா திருப்பி அனுப்புங்க. ரெண்டுல எண்டாலும் அளக்கணும், மூண்டு இருந்தா நல்லம், அமுக்கத்தின்ட லொக்க ஒரு பக்கமும் கெல்வின்ட தலைகீழ மற்றப் பக்கமும் போட்டு கோடு கீறினா புள்ளிகள் நேரா விழணும். வளைஞ்சா ஒண்டு காத்து இருக்கு, இல்லாட்டி கலப்பு, இல்லாட்டி பொருள் சூட்டுல சிதையுது. சாமான நம்பலாமா எண்டு பாக்க முதல்ல தண்ணிய அளக்கச் சொல்லுங்க, 30 டிகிரில 4.25, 40ல 7.38, 50ல 12.35 கிலோபாஸ்கல் வரணும். தண்ணிய சரியா அளக்காத சாமான் உங்கட தின்னர சரியா அளக்காது.

தின்னர் மாதிரி கலவைக்கு இன்னொரு சிக்கல், லேசானது முதல்ல பறக்கும், அதால மேல எவ்வளவு வெறும் இடம் விடுறம் எண்டதப் பொறுத்தும் நம்பர் மாறும். பெற்றோலுக்கு செய்யிற ரீட் டெஸ்ட்ல அதாலதான் திரவம் ஒரு பங்கு, வெறும் இடம் நாலு பங்கு, 37.8 டிகிரி எண்டு கட்டிப்போட்டு வெச்சிருக்காங்க. கலவை எண்டா மொத்த அமுக்கம் தீக்கணக்குக்கு உதவும், மூச்சுக்கணக்குக்கு உதவாது, உள்ளுக்கு என்னென்ன எவ்வளவு எண்டு கேஸ் குரோமட்டோகிராபில பிரிச்சிப் பாக்கணும்.

மூண்டாவது முறை, ஆவியே வராத மாதிரி இருக்கிற பொருளுக்கு. உங்கட யார்ட்டுக்கு தேவையில்ல, ஆனா அம்பாறைப் பக்கம் வேளாண்மைக்கு அடிக்கிற மருந்துகள்ட நம்பர் இப்பிடித்தான் எடுக்கிறது, அதால சொல்றன். மணலிலயோ கண்ணாடி மணியிலயோ பொருள பூசி குழாய்க்குள்ள நிரப்பி, நைட்ரஜன மெதுவா ஓடவிட்டு, அது அள்ளிக்கொண்டு வாறத பிடிச்சி அளக்கிறது. 0.01 பாஸ்கல் ஆவியமுக்கமும் 300 மூலக்கூற்று நிறையும் உள்ள பொருளெண்டா 1,000 லிட்டர் நைட்ரஜன் ஓடினாத்தான் 1.2 மில்லிகிராம் கிடைக்கும். நிமிசத்துக்கு 50 மில்லிலிட்டர் விட்டா ரெண்டு கிழமை. நைட்ரஜன வேற வேகத்தில விட்டும் ஒரே விடை வருதா எண்டு பாக்கணும், வராட்டி அது நிரம்பவேயில்ல. கிளைபோசேட் எண்ட களைகொல்லி இதுக்கும் ஆயிரம் மடங்கு குறைவு, கிட்டத்தட்ட 0.00001 பாஸ்கல். அதப் பாத்திட்டு ஆவி இல்லையே, பயமில்ல எண்டு வாயைத் திறந்துகொண்டு அடிக்கிற ஆக்கள் இருக்காங்க. அங்க மூக்குக்குள்ள போறது ஆவி இல்ல, பம்முல இருந்து வாற துமி, அதுக்கும் ஆவியமுக்கத்துக்கும் சம்பந்தமே இல்ல. உங்கட யார்ட்டுலயும் ஸ்பிரே கன்னால ரெசின் அடிச்சா இதே கதைதான், 15,000 பிபிஎம் உச்சம் எண்டது ஆவிக்கு மட்டும், துமிக்கு உச்சமே இல்ல.

அசெஸ்மெண்ட்ல என்ன எழுதுறது எண்டு கேட்டா: ஸ்டைரீன், 20 டிகிரில 0.67 எஸ்டிஎஸ்படி, 35 டிகிரில 1.5 கணக்குப்படி, இறுகிற நேரம் 60 டிகிரில 5.3 கணக்குப்படி, பிளாஷ் பொயின்ட் 31, பகல் டெம்பரேச்சர் அதுக்கு மேல. இவ்வளவும் ஒரே இடத்துல இருந்தா வாசிக்கிற ஆளுக்கு மிச்சம் தானா விளங்கும். அதுக்குப் பொறகு பொடியன்ட கொலர்ல ஆவிய உறிஞ்சி அளக்கிற பாட்ஜ் குத்தி ஒரு முழு நாள் உண்மையான பிபிஎம் எடுங்க, கணக்கு உச்சத்தத்தான் சொல்லும், அவன் எவ்வளவு இழுத்தான் எண்டு சொல்லாது. மாஸ்க் எண்டா கரி கார்ட்ரிஜ் உள்ளது, ஆஸ்பத்திரி நீல மாஸ்க் ஆவிக்கு ஒண்டும் செய்யாது. மணம் வைச்சும் மதிக்காதீங்க, ஸ்டைரீன் 1 பிபிஎம்முக்கு கீழயே மணக்கும், கொஞ்ச நேரத்துல மூக்கு பழகி 100 பிபிஎம்லயும் மணக்காத மாதிரி இருக்கும்.

கடைசி வரி, ஹார்ட்னர். அத அளக்கவே வேணாம், லேப்புக்கு அனுப்பவும் வேணாம். நீங்க பாவிக்கிறது எம்ஈகேபி, அது பெரொக்சைட்டு, சூடாக்கினா கொதிக்க முதல் சிதையும், சிதைஞ்சா வாற வாயுவ ஆவியமுக்கம் எண்டு வாசிப்பீங்க, வாசிக்க ஆள் மிஞ்சினா. அதுட ரிஸ்க் ஆவியில இல்ல, சூட்டுலயும் கலப்படத்திலயும். நிழல்ல, வந்த போத்தல்லயே, கோபால்ட் இருக்கிற ராக்கையில இருந்து தள்ளி வையுங்க. கோபால்ட முதல்ல ரெசினோட கலந்து முடிச்சிட்டுத்தான் ஹார்ட்னர், ரெண்டையும் ஒரே கோப்பையில நேரா ஊத்தினா அந்த இடத்திலயே வெடிக்கும். அளக்கிற கோப்பையும் ரெண்டுக்கும் ரெண்டு, நிறம் வேற வேறயா வாங்குங்க.